கூலிக்கு மாரடித்தல்

நாடகம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் ஒரு நடிகரைப் பாராட்ட வேண்டுமென்றால் 'பாத்திரமாகவே வாழ்ந்துவிட்டார்' என்று எழுதுகிறார்கள். திட்ட வேண்டுமென்றால் 'கூலிக்கு மாரடித்தார்' என்கிறார்கள். இரண்டையும் யோசிக்காமல்தான் எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். கூலிக்கு மாரடித்த பெண்கள் நிஜமாகவே இருந்தவர்கள். செத்தவனை முன்பின் பார்த்திராதவர்கள். இழவு வீட்டுக்கு வந்து, ஒப்பாரி எடுத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இப்போதும் மைக் செட்டோடு வந்து பாடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதுவரை கல்லாய் உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பெண்கள் அந்தப் பாட்டு தொடங்கிய பிறகுதான் வாய்விட்டு அழுகிறார்கள். கூலிக்காரியின் அழுகை பொய் என்றால், அது திறந்துவிட்ட அழுகையை என்னவென்று சொல்வது? தனக்கில்லாத துக்கத்தைக் காட்ட ஒருவனுக்கு என்ன உரிமை, அதை அவன் எங்கிருந்து எடுக்கிறான் என்பது நடிப்பைப் பற்றி நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. நம் விமர்சனம் அதைக் கேட்காமலே 'வாழ்ந்துவிட்டார்' என்று முடித்துக்கொள்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. சென்ற வருஷம் நண்பர்கள் சிலர் சேர்ந்து இராமநாதபுரத்தில் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை மட்டும் ஒரு மணி நேர நாடகமாகச் செய்தோம். பழைய நாடகத்தின் பாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு நண்பர் ஒருவர் எழுதிய பிரதி, 22 பக்கம். வேறு ஆள் கிடைக்காததால் அரிச்சந்திரன் எனக்கு வந்தான்.

கதை எல்லோருக்கும் தெரியும். நடிப்பவனுக்கு அதில் சிக்கலான இடம் ஒன்றுதான். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சந்திரமதி இரவில் சுடுகாட்டுக்கு எடுத்து வருகிறாள். காவல் காக்கிற அடிமை அவளைத் தடுத்துக் கூலி கேட்கிறான். வாய்க்கரிசி அவன் பங்கு. அதை அவன் விட்டுக்கொடுத்துவிடலாம். முழத்துண்டும் கால்பணமும் எசமானன் வீரபாகுவுக்குச் சேர வேண்டியவை. அவற்றை விட அவனுக்கு அதிகாரம் இல்லை. அவளிடம் எதுவும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். அந்தத் தாலி கட்டினவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடியது. அதனால் அந்தக் கொடிய வார்த்தையை வைத்தே அவள் தன் புருஷனை அடையாளம் கண்டுகொள்கிறாள். கிடப்பது தன் மகன் என்று அவனுக்கும் தெரிகிறது. தெரிந்த பிறகு அவன் என்ன செய்கிறான்? மறுபடியும் கூலி கேட்கிறான்.

ஒரே வாக்கியம், இரண்டு தடவை. முதல் தடவை யாரோ ஒருத்தியிடம், இரண்டாம் தடவை தன் மனைவியிடம், தன் பிள்ளையின் பிணத்துக்கு. இதை எப்படிச் சொல்வது?

சென்னையில் நாடகப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் இரண்டு வாரம் வந்து தங்கி எங்களைத் தயார் செய்தார். 1977இல் ந. முத்துசாமி முதலானோர் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய காலத்திலிருந்து கொல்லனிடமிருந்து நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்ட 'பட்டறை' என்ற சொல்லை அவர் அடிக்கடி உபயோகித்தார். முதல் நாளே நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். நீ யார், எங்கிருந்து வருகிறாய், இந்த நிமிஷத்தில் உனக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பது எது என்று ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் எழுத வேண்டும். பிரதியில் இல்லாததையும் எழுத வேண்டும்: அன்று மாலை அரிச்சந்திரன் என்ன சாப்பிட்டான், காலில் செருப்பு உண்டா, புகை அடித்து அடித்து அவன் கண் எப்படி இருக்கும். இது நல்ல பயிற்சி என்றே இப்போதும் நினைக்கிறேன். நாலு நாள் எழுதிய பிறகு, 'கூலி' என்ற சொல்லை அவன் அதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்பது எனக்கு உறைத்தது. அது அவனுக்குப் பழகிப்போன சொல்.

பிறகுதான் தவறு நடந்தது. இரண்டாம் தடவை கேட்கும் இடம் எனக்கு வரவில்லை. 'உங்கள் வாழ்க்கையில் இதற்குச் சமமாக எது நடந்திருக்கிறது? அதை நினைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியை வேண்டாம், அந்த அறையை, வெளிச்சத்தை, வாசனையை' என்றார். என் தகப்பனார் இறந்து அப்போது இரண்டு வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஆரஞ்சு உரித்த வாசனையை நினைத்துக்கொண்டேன். உடனே வந்தது. குரல் உடைந்தது. எல்லோரும் சும்மா இருந்தார்கள். மறுநாளும் வந்தது. ஐந்தாம் நாள் 'கால்பணம்' என்று சொன்னதுமே கண்ணில் நீர் வந்தது, வாசனையை நினைக்காமலே. குழாயைத் திருகின மாதிரி.

அந்த ஆடி அமாவாசைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு இராமேஸ்வரம் போனேன். அக்னி தீர்த்தத்தில் ஆயிரக்கணக்கான பேர். புரோகிதர் சொல்லச் சொல்ல, புரியாத மந்திரத்தை நாங்கள் ஒரு கூட்டமாகத் திருப்பிச் சொன்னோம். எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா முகத்தை நினைக்க முயன்றேன். ஒத்திகை நடந்த கல்யாண மண்டபத்து ட்யூப் லைட்தான் வந்தது. ஆரஞ்சு வாசனையைத் தேடிப் போனேன். அதற்குப் பக்கத்தில் 'கால்பணம்' இருந்தது. திருட்டுப் போன வீட்டில் எது போயிற்று என்று தெரியாமல் நிற்கிறவனைப் போலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த முறையை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) தலையில் கட்டுவது வழக்கம். அது பாதி நியாயம்தான். 1898இல் மாஸ்கோ ஆர்ட் தியேட்டரைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அவர், உணர்ச்சியின் ஞாபகத்தைக் கிளறி நடிப்பதைப் பற்றி எழுதியது உண்மை. அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1936இல். உடல், குரல், நடை என்று பாத்திரத்தை வெளியிலிருந்து கட்டுவது பற்றிய மறு பகுதி வந்தது 1949இல். இடையில் 13 வருஷம் ஆங்கிலம் படிக்கிறவர்கள் ஒரு பாதியையே முழுசாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா ஆட்லர் என்ற அமெரிக்க நடிகை இந்த ஞாபகக் கிளறலில் நடிப்பே வெறுத்துப்போய் 1934இல் பாரிஸில் அவரை நேரில் சந்தித்தார். பிரதியில் தரப்பட்டுள்ள சூழ்நிலையும் கற்பனையும்தான் முக்கியம் என்று கேட்டறிந்து திரும்பிப் போய்ச் சொன்னார். லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஒப்புக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் ஞாபகக் கிளறல் தொடர்ந்தது. ஸ்டானிஸ்லாவ்ஸ்கியோ கடைசி வருஷங்களில் செயலுக்கு வந்து சேர்ந்தார்: என்ன உணர்கிறாய் என்று கேட்காதே, என்ன செய்கிறாய் என்று கேள், செயலைச் சரியாகச் செய், உணர்ச்சி வந்தால் வரட்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பி.ஏ. ஆங்கிலத்தில் படித்ததுதான். தெரிந்திருந்தும் ஆரஞ்சு வாசனையை எடுத்து உபயோகித்தேன். சுலபமாக இருந்தது, பாராட்டும் கிடைத்தது.

இதற்கு மாற்று என்ன என்பதை எனக்குச் சொன்னவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைக் கேள்விப்படாத ஒருவர். திருவாடானைப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் போட்டவர். ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. திருவிழா நடத்துகிற ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பபூனை வேறோர் ஊரிலிருந்தும் பேசி அமர்த்துகிறார்கள். அவர்கள் அன்று இரவு மேடைக்குப் பின்னால் முகத்தில் அரிதாரம் பூசும்போது சந்தித்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டுகளும் வசனமும் தர்க்கமும் தனித்தனி வீடுகளில் தனித்தனியாகப் பாடம் ஆனவை. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டால் போதும். இதில் பாத்திர வளர்ச்சி எங்கே இருக்கிறது என்று நம்மவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். ஆனால் காசியில் விற்கப்பட்டுப் பிரிந்த புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் எதிர்பாராமல் மயானத்தில் சந்திக்கிற காட்சிக்கு, அன்றுதான் சந்தித்த இரண்டு நடிகர்களைவிடப் பொருத்தம் யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஒத்திகைக்கு அவரை நண்பர் ஒருவர் அழைத்து வந்திருந்தார். நான் அழுது முடித்ததும் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்:

"என்ன தம்பி, மனசுக்குள்ள என்னத்தையோ போட்டு உருட்டுறீங்க?"

"அந்த இடத்தில் அரிச்சந்திரன் என்ன நினைப்பான் என்று யோசிக்கிறேன், ஐயா."

"அவன் நெனைக்கிறது அவனோட இருக்கட்டும். என்ன கேக்குறான்?"

"முழத்துண்டும் கால்பணமும்."

"அப்ப அதக் கேளுங்க."

"மகன் என்று தெரிந்த பிறகு?"

"அப்பவும் அதானே கேக்குறான்? அதையே கேளுங்க, அதே மாதிரி. நீங்க அழுதுட்டா காசு யாரு கேக்குறது? அழுக வேண்டியவ சந்திரமதி. அப்பறம் கீழ ஒக்காந்திருக்காக பாருங்க, அவுக."

அவ்வளவுதான் சொன்னார். டீ குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிரெஞ்சுக்காரர் திதரோ 1770களில் ஏறக்குறைய இதைத்தான் ஒரு முரண் என்று வாதாடினார். அச்சில் வந்தது 1830இல்தான். பெரிய நடிகன் உணர்ச்சிவசப்படாதவன், உணர்ச்சி பார்க்கிறவனிடத்தில் நடக்கிறது என்பது அவர் கட்சி. ஆனால் திதரோவின் நடிகன் கொஞ்சம் கர்வி. கூட்டத்தை அழவைத்துவிட்டு உள்ளே சிரித்துக்கொள்கிறவன். திருவாடானைக்காரர் சொன்னதில் அந்தச் சிரிப்பு இல்லை. துக்கம் யாருடையதோ அவர்களிடம் அதை விட்டுவிடு, உன்னுடையது இல்லாததை எடுக்காதே என்கிறார். எனக்கு அது நடிப்புக் குறிப்பாகப் படவில்லை, நாணயத்தைப் பற்றிய பேச்சாகப் பட்டது.

சங்கரதாஸ் சுவாமிகள் நடிப்பை விட்ட கதையும் இங்கே ஞாபகம் வருகிறது. நளதமயந்தியில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனாராம். எதிரே வந்த சலவைக்காரப் பெண் பயந்து அங்கேயே உயிர் விட்டாளாம். வேறொரு தடவை சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்ததில் பார்க்க வந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். அதோடு வேஷம் கட்டுவதை நிறுத்தி, எழுதுவதும் பையன்களுக்குக் கற்பிப்பதுமாக இருந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இந்தக் கதைகளை அவருடைய நடிப்பாற்றலுக்குச் சான்றாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அவர் நிறுத்திக்கொண்டதுதான் பெரிதாகப் படுகிறது. வேஷத்தின் விளைவுக்கு வேஷக்காரன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். 'அது சனீஸ்வரன் செய்தது, நான் வெறும் நடிகன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ் (1886–1940) வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தவர். வள்ளி திருமணத்தில் முருகனாக நின்றுகொண்டு, தினைப்புனத்துப் பறவையை விரட்டும் சாக்கில் வெள்ளைக்காரக் கொக்கை விரட்டிப் பாடினார். போலீஸ் மேடையிலேயே கைது செய்தது. முருகன் வேஷம் போட்டதால் அவர் விசுவநாத தாஸாக இல்லாமல் போய்விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவரைப் பற்றி யாராவது 'பாத்திரமாகவே வாழ்ந்தார்' என்று எழுதினால் அது பாதிப் பொய்.

அரிச்சந்திரனுக்கு வருகிறேன். பிரதியை மறுபடி படித்தபோது இதுவரை நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது. அவனே ஒரு நடிகன். அரசனாக இருந்தவன் சுடுகாட்டுக் காவலனின் வேஷத்தில் நிற்கிறான். அந்த வேஷத்துக்கு வேறொருவர் எழுதின வசனத்தைச் சொல்கிறான். எதிரே நிற்பது மனைவி என்று தெரிந்தும் வசனத்தை மாற்ற மறுக்கிறான். பொய்யே சொல்லாதவன் என்று பெயரெடுத்தவனின் கதை உச்சத்துக்கு வருவது அவன் ஒரு வேஷத்தைக் கலைக்க மறுக்கிற இடத்தில். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அடிமையாகிப் பட்ட இழிவு, மகனை இழந்தது, இருந்த நிலையிலிருந்து சரிந்தது, கையில் காசில்லாதது என்று நான்கும் ஒரே நேரத்தில் ஒருவன் மேல் விழுந்த இடம் இந்த மயானம். எங்கள் பிரதியில் அவன் அழுவதாக ஒரு குறிப்புகூட இல்லை. அதை எழுதிச் சேர்த்தவன் நான்.

வேஷம் போடுகிறவன் கெட்டுப்போவான் என்றார் பிளேட்டோ. இழிந்தவனைப் போலச் செய்து செய்து இழிந்தவனாகவே ஆகிவிடுவான் என்பது அவர் பயம். அவருக்குப் பதில் காந்தியின் சுயசரிதையில் இருக்கிறது. பையனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அதைத் தனக்குத்தானே கணக்கில்லாத தடவை நடித்துப் பார்த்ததாக எழுதுகிறார். சத்தியம் அவருக்குள் உபதேசமாக நுழையவில்லை, நடிப்பாக நுழைந்திருக்கிறது. அப்படியானால் பிளேட்டோவின் பயமும் பொய் இல்லை. திரும்பத் திரும்பச் செய்வது ஆளை மாற்றுகிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். எதைத் திரும்பச் செய்கிறோம் என்பதே வித்தியாசம்.

நான் எதைத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்? இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கடலோர ஊர் ஒன்றில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலில் விழுந்து காணாமல் போன ஒரு பையனின் தாயார் அவ்வப்போது வருவார். நாட்டுப்படகு வாங்குவதற்காக அவன் சேர்த்துவைத்திருந்த பணம் கணக்கில் இருக்கிறது. வாரிசாக அம்மா பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருஷம் ஒருவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால்தான் அவன் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். அதையும் கோர்ட்டில் கேட்டு வாங்க வேண்டும். சிறு தொகைக்குச் சில தளர்வுகள் உண்டு. இந்தத் தொகை அதற்குள் அடங்கவில்லை.

முதல் தடவை அவர் வந்தபோது, "டெத் சர்ட்டிபிகேட் வேணும்மா" என்றேன். "அவன் சாகலையே தம்பி. காணோம்ல?" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது என்று எழுத இருந்தேன். வரிசை அவருக்குப் பின்னால்தான் இருந்தது. நான் விதியைச் சொன்னேன். பணம் வேண்டுமென்றால் மகன் செத்துவிட்டான் என்று ஒரு நீதிபதி முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு வசனத்தை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, சொல்லுங்கள் என்று காத்திருக்கிறோம். அவர் சொல்ல மறுக்கிறார். இதைச் சொன்னபோது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நாள் ஒத்திகையில் திடீரென்று ஞாபகம் வந்தது. பாஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கடுமையாக இல்லை. மரியாதையாகக்கூட இருந்தது. கை மட்டும் கொஞ்சம் நீண்டு, வராத ஒரு காகிதத்துக்காகக் கவுண்ட்டர்மேல் திறந்து கிடந்தது.

அந்தக் கையைத்தான் நான் அரிச்சந்திரனுக்குக் கொடுத்தேன். அப்பாவை விட்டுவிட்டேன். முதல் தடவை கேட்கும்போது சந்திரமதியின் முகத்தைப் பார்க்காமல் பிணத்தின் மேல் கிடந்த கிழிசல் துணியைப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் அதே துணி, அதே குரல், அதே கை. நடுவில் நான் எதையும் நினைக்கவில்லை. கை நடுங்காமல் பார்த்துக்கொள்வதே போதுமான வேலையாக இருந்தது. கூட்டத்தில் இருமல் நின்றது. யாரோ ஒரு பெண் விசும்புவது கேட்டது. நாடகம் முடிந்ததும் பயிற்சி கொடுத்த இளைஞர் என்னைக் கட்டிக்கொண்டு, 'கடைசியில் உங்களுக்குள் அது வந்துவிட்டது' என்றார். மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. திருவாடானைக்காரர் வரவில்லை, அன்று அவருக்கு வேறு ஊரில் நாடகம்.

இப்படிச் சொல்லும்போது காரியம் சுத்தமாக முடிந்துவிட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. அந்தத் தாயாருடைய துக்கத்தை நான் எடுக்கவில்லை, என்னுடைய மரத்துப்போன கையைத்தான் எடுத்தேன், அது என் பங்கு வாய்க்கரிசி மாதிரி, அதைச் செலவழிக்க எனக்கு உரிமை உண்டு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை எனக்கு எதிரே அவர் நின்றதால்தான் அப்படி நீண்டது. அவர் இல்லாமல் எனக்கு அந்தப் பாத்திரம் இல்லை. கைதட்டல் எனக்கு வந்தது, அவருக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. அரிச்சந்திரன் கேட்கும்போது தான் என்ன கேட்கிறோம் என்பது அவனுக்கு முழுக்கத் தெரியும். கவுண்ட்டரில் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. தெரிவதால் விதி மாறவில்லை, கேட்பதும் நிற்கவில்லை. தெரிந்து கேட்பது தெரியாமல் கேட்டதைவிட மேலானதா கேவலமானதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அரிச்சந்திரனுக்குக் கடைசியில் தேவர்கள் வந்து பிள்ளையை எழுப்பிக் கொடுத்தார்கள். எங்கள் பிரதியில் நண்பர் அதை வெட்டிவிட்டிருந்தார். நல்ல காரியம் செய்தார்.

போன மாதம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். பாஸ் புத்தகத்தை நீட்டி, வட்டி விழுந்திருக்கிறதா என்று கேட்டார். வாங்கி மெஷினில் விட்டேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத்தான் சிரமமாக இருந்தது போல, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் எத்தன வருசம் சொன்னீங்க தம்பி?"

"நாலு வருஷம்மா."

"அதுக்குள்ள வந்துருவான்" என்றார். வட்டி ஏறிய பக்கத்தைத் திறந்து, தொகைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டிக் கொடுத்தேன்.